பட்டா இல்லாத படம்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து தூறல். ஏரி தெரியவில்லை, படகுத்துறைப் பக்கம் ஆள் சத்தம் மட்டும். குடையை மறந்து போனது என் வழக்கப்படி.

ப.எ. ஐயா பங்களா மியூசியத்துக்கு அனுப்பினார். (பத்திர எழுத்தர் என்று ஒவ்வொரு தடவையும் நீட்டி எழுத முடியாது. பகல் முழுக்க அவருக்குத் தட்டச்சு அடித்த கை இது.) வாடகை ஒப்பந்தம். மானேஜர் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருஷமாக அந்த வாசலைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன், உள்ளே கால் வைத்தது இன்றுதான். ஏதோ துரை இருந்த பங்களா. சிவப்பு சிமென்ட் தரை, உள்ளங்காலில் சில்லென்று ஏறுகிறது. சுவர் முழுக்கப் படங்கள்.

மானேஜர் போனில். உட்காரச் சொன்னார்கள். எதிரே ஒரு படம், கதவு அகலம். சுற்றிலும் காப்பிக்கொட்டை நிறம், நடுவில் தாராளமாகச் சிவப்பு. குறுக்கும் நெடுக்கும் கறுப்புக் கோடு. இடது பக்கம் கீழ் மூலையில், கோட்டுக்கு வெளியே, துண்டாகக் கொஞ்சம் மஞ்சள். ஆள் இல்லை, மரம் இல்லை, சாமி இல்லை. பக்கத்து அட்டையில் இங்கிலீஷில் 'அன்டைட்டில்டு'.

எங்கள் ஆபீஸில் டைட்டில் என்றால் ஒரே அர்த்தம்தான், உரிமை. டைட்டில் சரியில்லை என்றால் பட்டா கிடையாது, மூலப்பத்திரம் கிடையாது, அந்த நிலத்தின் பக்கமே போகாதே என்று பொருள். படமும் பார்க்க சர்வேக்காரர் வரைகிற புலப்படம் மாதிரியே இருந்ததா, நானும் காரியமாக மானேஜரிடம் கேட்டு வைத்தேன்: "ஏனுங்க, இந்தப் படம் யாரு பேர்லயும் இல்லீங்களா? கேஸ் ஏதாச்சும் நடக்குதுங்களா?"

அவர் வெளியூர்க்காரர். ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு, "மேடம், அதுக்குப் பேரு வைக்கல, அவ்வளவுதான். பார்க்கறவங்களுக்கு என்ன தோணுதோ அதுதான் படம்" என்றார்.

மூலையில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் சுட்டது. மூன்றாவது கையெழுத்தை வாங்காமலே கிளம்பிவிட்டேன், பாதி வழியில்தான் தெரிந்தது.

வாங்க: இவருக்கு இருமல் மருந்து, சோப்பு, கொசுவர்த்தி. துணி மூன்று நாளாகக் காயவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மழை விட்டுவிட்டு. கரண்ட் இல்லை பதினொன்று வரை, ஆபீஸில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு.

அண்ணன் கரடியூரிலிருந்து போன். "கண்ணு, பதனாறாந்தேதி புதன்கெழமை வெச்சுக்கலாம். அடுத்த நாளு ஆடி பொறந்துரும், அப்பறம் ஒரு மாசத்துக்குப் பத்திரம் கித்திரம் ஆவாது. கையெழுத்தப் போட்டுட்டு ஊட்டுக்கு வந்து சாப்புட்டுட்டுப் போ. உங்கண்ணி கோழி அடிக்கறேங்கறா."

சரிங்கண்ணா என்றேன். வேறு என்ன சொல்வது. அப்பா போன தை மாதம் போனார், பட்டா இன்னும் அவர் பெயரில். நிலத்தில் பாடுபட்டது அண்ணன். எனக்குக் கல்யாணத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். கூடப்பிறந்தவள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து ஒதுங்கிக்கொள்வது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பது. எத்தனை பெண்களுக்கு நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். இதையும் நான்தான் அடிக்க வேண்டும். ப.எ. ஐயா, "உன்னோடதுக்குக் கூலி வாங்க மாட்டேம்மா" என்று சிரித்தார்.

மத்தியானம் சும்மா இருந்த நேரத்தில் ஒரு வேடிக்கை. பத்திரத்தில் எந்த நிலத்தையும் அதன் அக்கம்பக்கத்தை வைத்துத்தான் சொல்வோம். நேற்றைய படத்தின் மஞ்சள் துண்டுக்கு அப்படி எழுதிப் பார்த்தேன்: கறுப்புக் கோட்டுக்குத் தெற்கு, காப்பி நிறத்துக்கு மேற்கு, மரச்சட்டத்துக்கு வடக்கு, மரச்சட்டத்துக்குக் கிழக்கு, இந்த நான்கெல்லைக்குட்பட்ட மஞ்சள்.

ஏன் அதை மட்டும் எழுதினேன் என்று தெரியவில்லை. படத்தில் சிவப்புதான் பெரிது. எனக்குச் சிவப்பின் ஓரம் எப்படி இருந்தது என்றுகூட நினைவில்லை, மஞ்சள் மட்டும் அச்சடித்த மாதிரி நிற்கிறது. ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மழுங்கல்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில்! துணியெல்லாம் மாடியில்.

மூன்றாவது கையெழுத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு மியூசியம் போனேன். காவல் அம்மாள் அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க வாங்க. பட்டா கெடச்சுதுங்களா?"

பெயர் ராஜாமணி. என் வயதுதான் இருக்கும். கொட்டச்சேட்டுப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து எஸ்டேட்டிலேயே காப்பிப்பழம் பறித்தவள். பாட்டன் காலத்தில் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து கூலிக்கு ஏறி வந்த குடும்பம். முழங்கால் வீங்கின பிறகு மேட்டில் ஏற முடியவில்லை, யாரோ சொல்லி இங்கே வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தபடி, வருகிறவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவாள். அந்தப் படத்துக்கு மட்டும் இதுவரை வந்த பெயர்களை ஒப்பித்தாள்: கருகின தோசை. ஸ்கேன் ரிப்போர்ட். சேலத்து வெயில். புதுசாகக் கல்யாணமான ஒருவன் பொண்டாட்டியிடம், "உங்கம்மா கோவம் மாதிரி இருக்குது." அவள் அவனை விட்டுவிட்டுத் தனியாகவே வெளியே போய்விட்டாளாம்.

நான் இருக்கும்போதே ஒரு குடும்பம் வந்தது. அப்பா: "இத எங்கூட்டுக் கைக்கொழந்தகூட வரஞ்சுரும்." அம்மா: "வரைஞ்சா மாட்டறாங்களான்னு பாப்பம், நீங்க வாங்க."

"உனக்கு என்னம்மா தெரியுது?" என்று ராஜாமணியைக் கேட்டேன்.

"காப்பிக் களமுங்க. பழம் பறிச்சு வந்து கொட்டியிருக்கறது அந்தச் செவப்பு. அதுக்கு நடுவுல நிக்கறது நானு."

"ஆளே இல்லையே?"

"நிக்கறவளுக்குத் தன்னயே தெரியாதுங்க, பழந்தான் தெரியும்."

மறுபடி படத்தைப் பார்த்தேன். மஞ்சள். ஒரு பக்கம் கூர், ஒரு பக்கம் மழுங்கல். சட்டென்று தெரிந்துவிட்டது. பாறை. எங்கள் காட்டோரத்துப் பாறை, மத்தியான வெயிலில் இருக்கிற நிறம்.

அப்போது காட்டில் சாமை போட்டிருந்த காலம். கதிர் முற்றினால் கிளி இறங்கும். அப்பா என்னைத் தகர டப்பாவோடு அந்தப் பாறை மேல் ஏற்றி விட்டுவிடுவார். டப்பா தட்டி அலுத்துப்போய்ப் பள்ளிக்கூடப் பாடத்தைக் கத்த ஆரம்பித்தேன். தமிழ் மாதங்கள், மாவட்டங்கள், பன்னிரண்டாம் வாய்ப்பாடு. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு நின்ற கிளியே கிடையாது. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் வராத வாய்ப்பாடு எனக்கு வந்ததும், படித்ததும், டைப்ரைட்டிங் போனதும் அந்தக் கத்தலில்தான். காட்டுக்குள் அப்பாவும் அண்ணனும், பாறை மேல் நான்.

ராஜாமணியிடம் சொன்னேன். நம்பவில்லை. "பன்னண்டாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாப்பம்." அந்த பங்களாவில் நின்றுகொண்டு பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு வரைக்கும் சொன்னேன். கிளி ஏதும் இல்லை, மானேஜர்தான் எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது கையெழுத்து வாங்கியாயிற்று.

ஜூலை 9, புதன்

மூடுபனி. குரங்கு வந்து ஊறுகாய் ஜாடியைத் தள்ளிவிட்டது. ஜாடி தப்பித்தது, ஊறுகாய் தப்பவில்லை.

அண்ணனுக்கு நானே போன் போட்டேன். நம் அண்ணன்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டும் இரண்டு தரம் நம்பரைத் தப்பாக அழுத்தினேன்.

"அண்ணா, எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுடறேன். அந்தப் பாறைய மட்டும் என்ற பேர்ல விட்டுருங்க."

"எந்தப் பாறை?"

"நான் கிளி ஓட்டுவனே."

போனில் ஒரு செருமல். பிறகு சிரிப்பு. "எடுத்துக்க கண்ணு. அதுல என்ன இருக்குது, ஓணாந்தான் படுத்துக் கெடக்குது. பத்தரத்துல எழுதிக்க."

இவ்வளவு சுலபமா. சந்தோஷத்தில் சாயங்காலம் கேசரி செய்தேன். இவர் தட்டைப் பார்த்து, "என்ன விசேஷம்?" பாறை என்றேன். "வெறும் பாறைய வெச்சுட்டு என்ன பண்ணுவ? ஜீப்புகூடத் திருப்ப முடியாது" என்றார். எஸ்டேட் டிரைவருக்கு உலகத்தில் எல்லா இடமும் ஜீப் திருப்புகிற இடம்தான். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

பாறைக்கு எல்லை எழுத வேண்டுமே என்று எங்கள் சர்வே எண்ணுக்குப் புலப்படம் எடுத்தேன். மேக்காடு, வீட்டடி, ஓடைக்காடு, எங்கள் மூன்று துண்டும் கறுப்புக் கோட்டுக்குள் சமர்த்தாக. பாறை கோட்டுக்கு வெளியே. மேலே பொடி எழுத்தில்: பாறைப் புறம்போக்கு.

எங்களுடையதே இல்லை. சர்க்கார் பாறை. அப்பா என்னை ஏற்றி விட்டதே அடுத்தவர் இடத்தில். முதலில் சிரித்துவிட்டேன், ப.எ. ஐயா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை அடிக்கிறவளுக்குத் தன் வீட்டு எல்லை தெரியவில்லை.

ஆனால் இதில் ஒன்று புரியவில்லை. பாறை யாருடையதும் இல்லையென்றால் எனக்கு நிம்மதிதானே வர வேண்டும்? யாரும் அதை எடுத்துக்கொள்ள முடியாது, போகிறபோது போய் உட்காரலாம், அண்ணனிடம் கேட்கவும் வேண்டியதில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணி அடிக்கிற கோழியைச் சாப்பிடலாம். நிம்மதி வரவில்லை. ஆதார் நகல் கொண்டு வராத ஒரு பாவப்பட்ட ஆளிடம் எரிந்து விழுந்தேன். அவர், "ஏனுங்கம்மா, நகல்தானுங்க, நகை இல்லீங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் இல்லை.

பாறைதான் வேண்டும் என்று கேட்டேன். பாறை இல்லை என்று ஆனது. அப்படியும் ஏதோ ஒன்று என்னிடமிருந்து போகிறது. என்ன அது?

ஜூலை 13, ஞாயிறு

டூரிஸ்ட் கூட்டம். அடிவாரத்திலிருந்து மேலே வரை ஒரே வண்டி வரிசை என்று பஸ்ஸில் சொன்னார்கள். இன்றைக்குச் சாக்கு எதுவும் இல்லை, டிக்கெட் எடுத்துக்கொண்டு மியூசியத்துக்குள் போனேன். இவரிடம் காய் வாங்கப் போகிறேன் என்றேன். (காயும் வாங்கினேன். பீன்ஸ் முற்றல்.)

ராஜாமணி தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டாள். பாறைக் கதையைச் சொன்னேன். புறம்போக்கு என்றதும் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, தொடாமல், விரலை மட்டும் நீட்டினாள்.

"நானும் பாத்துட்டேதான் இருக்கறனுங்க. இங்க வர்றவங்க அத்தன பேரும் நடுவுல இருந்துதானுங்க ஆரம்பிப்பாங்க. தோசையோ கீசையோ, நடுவுல. நீங்க ஒருத்திதானுங்க நேரா மூலைக்குப் போனது."

"எனக்கு அது பாறைன்னு தெரிஞ்சுது."

"பாறை சரிங்க. கோட்டுக்கு உள்ள இத்தன எடம் கெடக்குது, நீங்க ஏனுங்க வெளிய போய்க் குத்த வெச்சுக்கறீங்க?"

அப்புறம் யாரோ ஒரு பெண் படத்தின் மேல் கையை வைக்கப் போக, "தொடாதீங்க கண்ணு, தொடாதீங்க" என்று ராஜாமணி அந்தப் பக்கம் போய்விட்டாள்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியாது. ராஜாமணி சொந்தமாக ஒரு அடி மண் இல்லாதவள். எஸ்டேட் கூலிகளுக்குக் கட்டின லைன் வீட்டில் பிறந்தவள். அவளுக்கு அந்தப் படத்தில் நடுவில் நிற்கக் கூச்சமே இல்லை. எனக்கோ அப்பா நிலத்தில் பாதி பாத்தியம் இருக்கிறது, சட்டம் எனக்குத் தெரியும், பிறருக்கு விளக்கிச் சொல்கிறவளே நான். அப்படியிருந்தும் கேட்டது எதை? ஒன்றும் விளையாத ஒன்றை. அண்ணனுக்கு வலிக்காத ஒன்றை. கேட்ட மாதிரியும் ஆக வேண்டும், கேட்காத மாதிரியும் இருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும். யார் மேல் என்று கேட்டால், பாதி என் மேல்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.
மேக்காடு: காப்பி, மிளகு. சரிவு. அண்ணன் நட்டது. அவருடையது, சந்தேகமே இல்லை.
வீட்டடி: அண்ணன் குடும்பம் இருக்கிற இடம். வாயைத் திறக்கக் கூடாது.
ஓடைக்காடு: கறுப்பு மண். சித்திரையிலும் ஈரம் காயாது. அவரை, முட்டைக்கோசு, எது போட்டாலும் வரும்.

மூன்றையும் எழுதிவிட்டு, உனக்கு எதடி வேண்டும் என்று என்னையே கேட்டேன். உடனே பதில் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. ஆசையா, பேராசையா, வயதாகிற கிறுக்கா. அண்ணன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்த்தும் பதில் மாறவில்லை.

ஜூலை 14, திங்கள்

தூறல். செருப்பில் பூஞ்சை.

என் பத்திரத்தை நானே அடிக்க உட்கார்ந்தேன். 'மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியத்தை, யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, மனப்பூர்வமாக விடுதலை செய்து கொடுக்கிறேன்.' கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற வரி. இன்றைக்கு 'மனப்பூர்வமாக' என்ற சொல் மூன்று தடவை பிழையாக விழுந்தது. இதே சொல்லை அடித்து எத்தனையோ பெண்களுக்குத் தாளை நீட்டியிருக்கிறேன், எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறேன். ஒருத்தியையாவது 'அம்மா, மனப்பூர்வமாகத்தானா?' என்று கேட்டிருப்பேனா? இல்லை. சீக்கிரம் போடுங்க, அடுத்த ஆள் நிற்கிறாங்க என்றிருப்பேன்.

அடித்து முடித்துவிட்டேன். பாறை இல்லாமல், வேறு எதுவும் இல்லாமல், வழக்கமான பத்திரம். தைரியம் வந்தால் பார்க்கலாம். நாளைக்கு அண்ணன் வாசித்துக் கேட்க வருகிறார்.

சிலிண்டர் வந்தது.

ஜூலை 15, செவ்வாய்

அண்ணன் பத்து மணி பஸ்ஸில் வந்தார். வெள்ளை வேட்டி, பை நிறைய பட்டர் பழம் (டூரிஸ்ட்டுக்கு அவகாடோ). "நாலு நாள்ல பழுத்துரும் கண்ணு, அரிசிக்குள்ள வெச்சுரு."

பதிவுக்கு முன்னால் பத்திரத்தை இரண்டு தரப்புக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். வாசிப்பது எப்போதும் நான். இன்றைக்கு வாசிக்கிறவளும் எழுதிக் கொடுக்கிறவளும் ஒரே ஆள் என்பதில் ப.எ. ஐயாவுக்கு ஒரே வேடிக்கை. "சத்தமா வாசிம்மா, எதிர்த்தரப்புக்குக் காது கேக்கோணும்" என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பெயர், ஊர், அப்பா பெயர், சொத்து வந்த விதம். குரல் நன்றாகத்தான் இருந்தது. 'யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி' வரை வந்தேன். அதற்கு மேல் வரவில்லை.

"ஏன் கண்ணு, கண்ணு தெரியலயா?" என்றார் அண்ணன்.

"தெரியுதுங்கண்ணா."

"அப்பறம்?"

"அண்ணா, நீங்க இன்னும் என்னயக் கேக்கவே இல்லீங்க."

"எத?"

"எனக்கு வேணுமா வேண்டாமான்னு."

ப.எ. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அண்ணன் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபம் இல்லை, ஏதோ தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கின ஆள் மாதிரி இருந்தார்.

"பாறை கேட்ட. தரேன்னு சொன்னனே."

"பாறை நம்மளுது இல்லீங்கண்ணா. புலப்படத்துல பாத்துட்டேன். புறம்போக்கு."

"அது எனக்குத் தெரியும் கண்ணு" என்றார் மெதுவாக. "அப்பா சொல்லியிருக்கறாரு. நீ ஆசப்பட்டுக் கேட்டயே, இல்லைன்னு எதுக்குச் சொல்றதுன்னு உட்டுட்டேன்."

தெரிந்தே தந்திருக்கிறார். தன்னுடையதல்லாத ஒன்றை, சிரித்துக்கொண்டு. கேசரி கிண்டினேனே அன்றைக்கு. அழவில்லை. அழுதால் அண்ணன் என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவார், அது எனக்கு வேண்டாம்.

"சரி, கேக்கறேன்" என்றார். "உனக்கு என்னதான் வேணும்?"

"ஓடைக்காட்டுல என்ற பங்கு."

வெளியே ஏதோ பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் வேட்டி நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"இருக்கறதுலயே அதுதான கண்ணு நல்ல மண்ணு."

"தெரிஞ்சுதானுங்கண்ணா கேக்கறேன்."

எழுந்து வாசல் வரை போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வந்து, நாற்காலியை என் மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எதுலருந்து எது வரைக்கும்?" என்று கேட்டார்.